மூன்று மாதச் சீட்டு

போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவின் தலைநகர் கோத்தா கினாபாலு. அதன் விமான நிலையத்தில் இறங்கி வெளியே போகும் வழியில் குடிநுழைவு முகப்புகள் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். 2019 ஜனவரியில் அக்காவும் நானும் அந்த வரிசையில் நின்றோம். அக்காவின் மகன் கெனிங்காவ் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர். உடன் வேலை பார்க்கும், சபாவின் பூர்வகுடியான டூசுன் இனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டான். பேசி முடிக்கப் போகிறோம். முகப்பில் இருந்த அதிகாரி அடையாள அட்டையை வாங்கிக் கருவியில் வைத்தார், விரலை வைக்கச் சொன்னார், ஒரு துண்டுச் சீட்டை அச்சிட்டு நீட்டினார். எனக்கு அது மூன்றாவது தடவை. அக்காவுக்கு முதல் தடவை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதம் தங்கலாம் என்று போட்டிருந்தது. "நம்ம நாட்டுக்குள்ள வர்றதுக்கு நமக்கே தவணையா, தம்பி?" என்றார். குரல் கம்மியிருந்தது.

அந்தக் கம்மலுக்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பாட்டி சாகும்வரை சிவப்பு ஐ.சி., அதாவது சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருந்தார். மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. ஒன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, நேர்காணலில் மலாயில் கேட்ட கேள்விக்குப் பயத்தில் வாய் வராமல் திரும்பி வந்தார். அதன் பிறகு அந்த அலுவலகப் பக்கமே போகவில்லை. அட்டையைப் பிஸ்கட் டின்னில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார். பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற வேலை அக்காவுடையது. முகப்பில் அந்த அட்டையை நீட்டும்போதெல்லாம் எழுதுகிறவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பாராம். அந்தப் பார்வையைத்தான் அக்கா இந்தச் சீட்டில் மறுபடி கண்டார்.

எனக்கும் அப்போது இதில் ஒரு முடிந்த முடிவு இருந்தது. ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே அரசியலமைப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு கதவைப் போட்டுச் சாவியை ஒருவர் கையில் கொடுப்பது அநியாயம் என்று பல பேரிடம் வாதாடியிருக்கிறேன். சபாவில் தனியார் வேலைக்குப் போகிற, எங்களைப் போன்ற தீபகற்ப மலேசியாக்காரர் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும். சபாக்காரர் எங்கள் பக்கம் வந்தால் ஒன்றும் தேவையில்லை. இது என்ன கணக்கு? சேர்ந்தால் முழுதாகச் சேர வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்தப் பயணத்தின் நான்கு நாட்களில் அந்தக் கட்சி கரைந்துபோனது. எப்படிக் கரைந்தது என்பதை எழுதிப் பார்க்க இவ்வளவு ஆண்டு ஆகியிருக்கிறது.

ஒரே திருமணம், வேறு வேறு காரணம்

பள்ளியில் எங்களுக்குச் சொன்ன கதை சுருக்கமானது. 1963 செப்டம்பர் 16 அன்று மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்து மலேசியா ஆயின. ஏன் சேர்ந்தன என்று கேட்டால் ஒற்றுமை, பாதுகாப்பு, முன்னேற்றம் என்று எழுதுவோம், மதிப்பெண் கிடைக்கும். வளர்ந்த பிறகு ஒவ்வொருவர் பக்கமும் போய் நின்று பார்த்தேன். ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு பதில் கிடையாது. சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பதில். ஒருவருடைய பதில் மற்றவருக்குப் பல நேரம் தெரியாது, தெரிந்தால் பிடித்திருக்காது.

மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1961 மே 27 அன்று சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் விருந்தில் இந்தப் பேச்சைப் பொதுவில் எடுத்தார். அதுவரை சிங்கப்பூரைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. அங்கே நான்கில் மூன்று பேர் சீனர்; சேர்த்தால் மலாயாவின் இனக் கணக்கே மாறிவிடும். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் சிங்கப்பூரின் ஹோங் லிம் இடைத்தேர்தலில் லீ குவான் யூவின் ஆளுங்கட்சி தோற்றிருந்தது. லீ குவான் யூ கவிழ்ந்து இடதுசாரிகள் வந்தால் ஜொகூர் வாசலில் இன்னொரு கியூபா என்று துங்கு பயந்தார். வெளியே விட்டாலும் பயம், உள்ளே விட்டாலும் பயம். அந்தத் தராசைச் சமன் செய்யத்தான் போர்னியோ வந்தது. சபா, சரவாக் பூர்வகுடிகளை மலாய்க்காரர்கள் பக்கத் தட்டில் வைத்து எண்ணினார்கள். இபான், கடாசான், மூருட் மக்கள் மலாய்க்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் முஸ்லிம்களும் அல்லர். நீங்கள் எந்தத் தட்டில் இருக்கிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இந்த ஓர் இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. எண்ணிக்கைக்காக ஒருவரைச் சேர்ப்பது என்றால் என்ன என்று தோட்டத்துத் தமிழனுக்குத் தெரியும்.

சிங்கப்பூரின் காரணம் சந்தை, குடிதண்ணீர், விடுதலை. தனியாக அந்தச் சிறிய தீவு பிழைக்காது என்று அதன் தலைவர்களே அன்று நம்பினார்கள். 1962 செப்டம்பர் 1 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றுமே இணைவதற்கான வழிகள்தான். சேர வேண்டாம் என்ற கட்டம் இல்லை. நான்கில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார். பிரிட்டனின் காரணம் இன்னும் எளிது. கௌரவமாகக் கிளம்ப வேண்டும். விட்டுப் போகிற சிறிய காலனிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சபாவின் காரணம்தான் என்னை அதிக நாள் யோசிக்க வைத்தது. 1961 ஜூலையில் சபாவின் தலைவர் டொனால்ட் ஸ்டீபன்ஸ், சரவாக்கின் ஓங் கீ ஹுய், புருணையின் அசஹாரி மூவரும் சேர்ந்து துங்குவின் திட்டத்தை ஏற்க முடியாது என்று அறிக்கை விட்டார்கள். அதே ஸ்டீபன்ஸ் சில மாதங்களில் மலேசிய ஒருமைப்பாட்டு ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராகி, இணைப்புக்கு முன்நின்று உழைத்தார். விலைபோய்விட்டார் என்று சொல்வது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. 1960 கணக்கெடுப்பில் வட போர்னியோவின், அதுதான் சபாவின் அன்றைய பெயர், மக்கள்தொகை 4,54,421. தெற்கே பத்து கோடி பேர் கொண்ட இந்தோனேசியா. வடகிழக்கே பிலிப்பைன்ஸ், 1962 ஜூனில் சபா எங்களுடையது என்று அது உரிமை கோரியே விட்டது. பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். சாலை சில, உயர்நிலைப் பள்ளி சில, பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவு. தனியாக நின்றால் யார் வாயில் விழுவோம் என்பதுதான் அவர்முன் இருந்த கேள்வி. மலாயா மீது வந்த பாசத்தால் அவர் மாறவில்லை. இருந்த பயங்களில் சின்னதைத் தேர்ந்தெடுத்தார். அசஹாரி மாறவில்லை, அவர் கட்சி 1962 டிசம்பர் 8 அன்று புருணையில் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது, பிரிட்டிஷ் படை சில நாட்களில் அடக்கியது. எண்ணெய்ப் பணம் இருந்த புருணை சுல்தானுக்கோ யார் மீதும் சாய வேண்டிய அவசியம் இல்லை. 1963 ஜூலை 9 அன்று லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் கையெழுத்திடவில்லை.

மக்களைக் கேட்டார்களா என்றால், ஒரு வகையில் கேட்டார்கள். கோபோல்ட் ஆணையம் 1962 தொடக்கத்தில் இரண்டு மாநிலங்களிலும் 35 இடங்களுக்குப் போய் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. ஐந்து உறுப்பினர்கள், மூவர் பிரிட்டன் தரப்பு, இருவர் மலாயா தரப்பு. போர்னியோக்காரர் ஒருவர்கூட இல்லை. மூன்றில் ஒரு பங்கினர் சேரலாம் என்கிறார்கள், ஒரு பங்கினர் பாதுகாப்பு எழுதிக் கொடுத்தால் சேரலாம் என்கிறார்கள், மீதி ஒரு பங்கில் முதலில் சுதந்திரம் வேண்டும் என்பவர்களும் பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். இதில் நடுப்பங்கைக் கவனிக்க வேண்டும். இந்த நாட்டின் தலையெழுத்தை எழுதியவர்கள் அவர்கள்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடு என்றார்கள்.

துங்கு பேசிய அதே 1961இல் செப்டம்பரில் வேறொரு கூட்டுக்குடித்தனம் உடைந்தது. எகிப்தும் சிரியாவும் 1958 பிப்ரவரியில் ஐக்கிய அரபுக் குடியரசாகச் சேர்ந்திருந்தன. ஒரே மொழி, பெரும்பாலோருக்கு ஒரே மதம், நாசர் என்ற ஒரே நாயகன். மக்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள். சிரியாவின் கட்சிகளைக் கலைத்தார்கள், அதிகாரம் கெய்ரோவுக்குப் போனது, எகிப்திய அதிகாரிகள் டமாஸ்கஸுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மூன்றரை ஆண்டில் முடிந்தது. முழுதாகச் சேர வேண்டும் என்ற என் கட்சிக்கு அதைவிட முழுமையான உதாரணம் கிடையாது. மொழியும் மதமும் சாப்பாடும் வேறு வேறான சபாவும் மலாயாவும் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இதை எந்தப் பக்கத்திலிருந்து விளக்குவது என்று எனக்குப் பிடிபடாமல் இருந்தது, கெனிங்காவ் போகும்வரை.

எருமையும் கல்லும்

கெனிங்காவ் உள்நாட்டு நகரம். கோத்தா கினாபாலுவிலிருந்து குரோக்கர் மலைத்தொடரைத் தாண்டிப் போக வேண்டும். மருமகன்தான் காரை ஓட்டினான். மேகம் சாலைமீதே கிடந்தது. அக்கா வழியெல்லாம் பேசவில்லை. பெண் வீட்டுக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பெரியவர்கள் தரையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பத்துத் தலைவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நடுவில் இருந்தார். டூசுன் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பதை பெரியான் என்கிறார்கள். நம் ஊரில் பெண் வீட்டார் தலையில் விழுவது அங்கே மாப்பிள்ளை தலையில். எருமை ஒன்று, கோங் என்ற உலோகத் தட்டு வாத்தியம் ஒன்று, இவ்வளவு ரொக்கம் என்று தலைவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இரண்டு பக்கமும் தலையாட்ட, அவர் நோட்டில் எழுதினார். எருமைக்குப் பதில் பணமாகக் கொடுக்கலாம், அதன் விலை இது என்றும் எழுதினார். பிள்ளைகள் பிரிந்தால் யார் யாருக்கு என்ன அபராதம் என்பது வந்தபோது அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல காரியம் பேச வந்த இடத்துல பிரிஞ்சா என்னன்னு எழுதறாங்களே, என்னடா இது" என்று என் காதில் சொன்னார்.

பெண்ணின் அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. முகம் பார்த்துப் புரிந்துகொண்டார். மலாயில் மெதுவாகச் சொன்னார். "பெசான், வருத்தப்படாதீர்கள். மனத்தில் வைத்திருந்தால் தினமும் நினைவு வரும். எழுதி வைத்துவிட்டால் மறந்துவிடலாம்." பெசான் என்றால் சம்பந்தி. அந்தச் சொல்லை அவர் முதன்முதலில் சொன்னது அந்த இடத்தில்தான். அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை சம்பந்தியே எங்களை வாரிசான் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். பாரம்பரியப் பூங்கா என்று தமிழில் சொல்லலாம். அங்கேதான் சத்தியக்கல் இருக்கிறது, மலாயில் பத்து சும்பா. முன்பு மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே இருந்ததாம், 2018இல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனேன். செதுக்காத இயற்கைப் பாறை. நம் ஊர் எல்லையில் சிலை கூட இல்லாமல் நட்டு வைத்த கல்லுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவோமே, அந்த மாதிரி. அதில் ஓர் உலோகத் தகடு. பழைய மலாய் எழுத்துக்கூட்டல். மருமகன் படித்துச் சொன்னான். சபாவில் சமயம் சுதந்திரமானது. சபாவின் நிலங்கள் சபா அரசின் கையில் இருக்கும். சபா மக்களின் வழக்காறுகளை அரசு மதித்துக் காக்கும். பதிலுக்கு உள்நாட்டு மக்கள் மலேசிய அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதியளிக்கிறார்கள். அவ்வளவுதான். மூன்று வரி வாக்குறுதி, ஒரு வரி பதில். நேற்று நோட்டுப் புத்தகத்தில் பார்த்த அதே நடை.

"ஏன் கல்?" என்று கேட்டேன். ஒப்பந்தம் லண்டனிலேயே கையெழுத்தாகிவிட்டது, அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது, சேர்வதற்குச் சபாத் தலைவர்கள் வைத்த இருபது அம்சக் கோரிக்கை தனியாக இருக்கிறது. கல் எதற்கு?

அவர் கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் எது எழுதினாலும் அவருக்கு ஒன்றுதான். கல்லில் சத்தியம் செய்தால் என்ன என்று தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது." 1964 ஆகஸ்ட் 31 அன்று கல்லை நட்டபோது அவருக்கு எட்டு வயது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கோங் சத்தமும் கூட்டமும் நினைவிருக்கிறது என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "கோலாலம்பூர் அரசாங்கத்தின் சார்பில் வந்து திறந்து வைத்த மந்திரி உங்கள் ஆள்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை. "தமிழர். மாணிக்கவாசகம்."

வெ. மாணிக்கவாசகம். அப்போதைய தொழிலாளர் அமைச்சர், பின்னாளில் ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவர். அவர் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கெனிங்காவ் கல்லோடு அவரைச் சேர்த்து நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலாயாவுக்குள் நாங்கள் எப்படி வந்தோம்? மலாயா விடுதலை பெற்ற 1957இல் எங்கள் தலைவர்கள் உட்கார்ந்து பேரம் பேசிக் குடியுரிமைக்கு வழி எழுதி வாங்கினார்கள். விடுதலை நாளான ஆகஸ்ட் 31 முதல் இங்கே பிறக்கிற பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று எழுதி வாங்கினார்கள். எங்கள் அப்பாவுக்கும் அத்தைமாருக்கும் நீல அட்டை கிடைத்தது எவருடைய பெருந்தன்மையாலும் அல்ல, எழுதியிருந்ததால். பாட்டிக்குக் கிடைக்காமல் போனதும் எழுதியிருந்த நிபந்தனையால்தான். அப்படி எழுதி வாங்கியே உள்ளே வந்த ஒரு சமூகத்தின் ஆள், ஏழே ஆண்டில் மலை தாண்டி வந்து, இன்னொரு சமூகம் எழுதி வாங்குகிற கல்லைத் திறந்து வைத்திருக்கிறார். நானோ அதே சமூகத்தில் பிறந்து, இவர்கள் வாங்கிய எழுத்தை அநியாயம் என்று பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

விமான நிலையத்துக் கதவின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. நாலரை லட்சம் பேர் எழுபது லட்சம் பேரோடு சேர்கிறார்கள். படித்த ஆட்கள் மறுகரையில் நிறைய. வேலையும் நிலமும் கடையும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே குடிநுழைவு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று இருபது அம்சங்களில் ஒன்றாகக் கேட்டார்கள். நாடாளுமன்றம் நினைத்த மாத்திரத்தில் அதை மாற்ற முடியாதபடி, மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 161இ பிரிவில் எழுதினார்கள். அதே இருபது அம்சங்களில் ஏழாவதாக, பிரிந்து போகும் உரிமை வேண்டியதில்லை என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கதவைக் கேட்டவர்கள் வெளியேறும் வழியைக் கேட்கவில்லை. அந்தக் கதவு இல்லையென்றால் கோபோல்டின் நடுப்பங்கு சேர்ந்திருக்காது; நடுப்பங்கு சேராமல் மலேசியா இல்லை. அக்காவின் கையில் இருந்த துண்டுச் சீட்டு நாடு இரண்டாக இருப்பதன் அடையாளம் என்று நினைத்திருந்தேன். நாடு ஒன்றானபோது கொடுத்த விலையின் ரசீது அது.

நுனிக்கரும்பு

கொடுத்த வாக்கெல்லாம் நின்றதா என்றால், இல்லை. சரவாக்கின் தெமெங்கோங் ஜூகா, இபான் தலைவர், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். மலேசியா கரும்பைப் போல ஆகிவிடக் கூடாது, அடியில் இனித்து நுனியில் சப்பென்று போய்விடக் கூடாது என்று அவர் சொன்னதாக அந்த மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். இதைக் கேட்டதும் எனக்குத் தமிழ்ப்பள்ளி நினைவு வந்தது. நல்லவர் நட்பு நுனியிலிருந்து கரும்பு தின்பதைப் போல, அல்லாதவர் நட்பு அடியிலிருந்து நுனிக்குத் தின்பதைப் போல என்று ஆசிரியர் பழம்பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தார். ராஜாங் ஆற்றங்கரையில் பிறந்த ஒருவருக்கும் நம் பழைய புலவருக்கும் ஒரே கரும்பு கையில் கிடைத்திருக்கிறது.

சிங்கப்பூர் 23 மாதத்தில் போய்விட்டது. 1965 ஆகஸ்ட் 9 அன்று நாடாளுமன்றத்தில் 126 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. கூட்டாளிகளில் ஒருவர் போவதை சபாவும் சரவாக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் அறிந்தன. அப்படியென்றால் நாங்கள் சேர்ந்த நிபந்தனைகளையும் மறுபடி உட்கார்ந்து பார்க்கலாமே என்று கேட்ட ஸ்டீபன்ஸ் கூட்டரசு அமைச்சர் பதவியை விட நேர்ந்தது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் எங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தரவில்லை. 1963இல் நாடாளுமன்ற இடங்கள் 159. மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. மலாயா மட்டும் தனியே மூன்றில் இரண்டு பங்கைத் தொட முடியாது என்பது அந்த எண்களில் இருந்த பாதுகாப்பு. சிங்கப்பூரின் 15 கழன்றதும் அது போயிற்று. இன்று 222 இடங்களில் சபாவுக்கும் சரவாக்குக்கும் சேர்த்து 56.

பிறகு ஒவ்வொன்றாக. 1973இல் சபாவின் அரசியலமைப்பில் இஸ்லாம் மாநிலச் சமயமாக எழுதப்பட்டது. கல்லின் முதல் வரியைப் படித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1974 பெட்ரோலியச் சட்டத்தின் பிறகு மாநிலத்துக்கு எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து. சபாவிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் கூட்டரசு வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு சபாவுக்கே திரும்ப வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. பல்லாண்டுகள் ஆண்டுக்கு 2.67 கோடி ரிங்கிட் என்ற ஒரே தொகையைக் கொடுத்து வந்தார்கள். 1976இல் அரசியலமைப்பின் முதல் பிரிவைத் திருத்தி, சபாவையும் சரவாக்கையும் தீபகற்பத்து மாநிலங்களின் வரிசையிலேயே கோர்த்தார்கள். மூன்று கூட்டாளிகளில் இருவர் என்ற நிலை போய்ப் பதின்மூன்றில் இருவர் ஆனார்கள். அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் பொதுவிடுமுறையானதே 2010இல்தான். நான் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் ஆகஸ்ட் 31 மட்டும்தான் எங்களுக்கு நாட்டின் பிறந்தநாள்.

கல்லின் கதையிலும் ஒரு குறை உண்டு. 'கெராஜான் மலேசியா ஜாமின்', அதாவது மலேசிய அரசு உத்தரவாதம் அளிக்கிறது என்ற மூன்று சொற்கள் முதலில் ஒத்துக்கொண்ட வாசகத்தில் இருந்தன, தகட்டில் இல்லாமல் போயின என்று உள்நாட்டு மக்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த மூன்று சொற்கள் இல்லாவிட்டால் வாக்கு இருக்கிறது, வாக்குக் கொடுத்தவர் இல்லை. எனக்கு இங்கே கோபம் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம்பிக் கல்லைக் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் போகவில்லை. இதை நான் சம்பந்தியிடம் கேட்கவும் செய்தேன், திரும்பி வரும் வழியில், தாமுவில் இறங்கி வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தபோது. தாமு என்றால் வாரச்சந்தை. மலையிலிருந்து இறங்கிய மூருட் பெண்கள் தரையில் கீரையும் இஞ்சியும் கூறுகட்டி வைத்திருந்தார்கள். அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், "வாக்குத் தவறினால் சண்டை போட எங்களிடம் கல் இருக்கிறது. எழுதாமல் சேர்ந்திருந்தால் எதைக் காட்டிச் சண்டை போடுவோம்?" சண்டை போட இடம் இருக்கிற வீட்டை விட்டு யாரும் போவதில்லை என்று அதைப் புரிந்துகொண்டேன். நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், தேர்தலில் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்கிறார்கள், 1963 ஒப்பந்தத்தின் எண்ணெழுத்துச் சுருக்கத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லாம் உள்ளே இருந்துகொண்டே.

கோலாலம்பூர் திரும்பிய விமானத்தில் அக்கா அந்தச் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தார். பாட்டியின் அட்டையை நினைக்கிறாரோ என்று நினைத்தேன். "எருமை விலை நியாயமாத்தான் போட்டிருக்காங்க, இல்லடா?" என்றார்.

போன மாதம் கெனிங்காவ் மருத்துவமனையில் பேத்தி பிறந்திருக்கிறாள். பிறப்புப் பத்திரத்தைப் படம் எடுத்து மருமகன் அனுப்பினான். அம்மா சபாக்காரி, பிறந்ததும் சபா. பன்னிரண்டு வயதில் அவளுக்கு மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்கும்போது, அவள் அம்மாவின் அட்டையில் இருப்பதைப் போல மூலையில் 'எச்' என்ற எழுத்து இருக்கும். சபாவின் எழுத்து. முகப்பில் அவளுக்குச் சீட்டு இல்லை, நேரே போகலாம். அக்கா அடுத்த வாரம் போகிறார்; முடி இறக்குவது நம் வழக்கப்படியா அவர்கள் வழக்கப்படியா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு நடக்கிறது. மூன்று மாதச் சீட்டு முடிவதற்குள் மகனைப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்கிறார். தவணை முடியும் தேதியை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.